இறந்த குதிரையின் கருமுட்டை வீணாக வேண்டுமா?

2012 கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 6 லட்சத்து 25 ஆயிரம் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் இருந்தன. 2019இல் அவை 3 லட்சத்து 40 ஆயிரமாகக் குறைந்துவிட்டன. அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் நாம் கூடி நின்று ரசிக்கும் மார்வாரி இனத்தில், நாடு முழுவதும் எஞ்சியிருந்தவை 33 ஆயிரம் சொச்சம்தான். நவீன போலோவுக்குத் தாய்வீடான மணிப்பூரின் மட்டக்குதிரைகளோ 2012லேயே ஏறத்தாழ 1,100 என்ற நிலைக்கு வந்துவிட்டன. இந்த அளவுக்குச் சுருங்கிய இனத்தில், குட்டி ஈனாமல் இறக்கும் ஒவ்வொரு பெட்டைக் குதிரையோடும் திரும்பக் கிடைக்காத மரபணுக்கள் மண்ணுக்குள் போகின்றன. அந்த இழப்பில் ஒரு பகுதியையாவது தடுக்க இன்று வழி இருக்கிறது. குதிரையின் முதிராத கருமுட்டையை எடுத்து ஆய்வகத்தில் முதிர வைத்துக் கருவாக்கும் அந்தத் தொழில்நுட்பத்தை நம் அரசு ஆய்வகங்கள் கைக்கொள்ள வேண்டும். நாட்டு இனங்களுக்காகவே அதைப் பயன்படுத்த வேண்டும்.

ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம் இந்தப் பாதையில் பாதித் தொலைவு வந்துவிட்டது. அதன் பிகானேர் வளாகத்தில் 2023 மே மாதம் ‘ராஜ் பிரதம்’ என்ற மார்வாரிக் குட்டி வாடகைத் தாயின் வயிற்றில் வளர்ந்து பிறந்தது. பாராட்ட வேண்டிய சாதனைதான். ஆனால் அந்த முறையில், கரு முதலில் உண்மைத் தாயின் கருப்பையில் உருவாக வேண்டும். ஒரு வாரம் கழித்து அதைக் கழுவி எடுத்து வேறொரு குதிரைக்கு மாற்றுவார்கள். பெட்டைக் குதிரை சுமார் 21 நாளுக்கு ஒருமுறை, அதுவும் பகல் நீண்ட மாதங்களில்தான் பருவத்துக்கு வருகிறது. வழக்கமாக ஒரு முட்டையைத்தான் வெளியிடுகிறது. பசுவுக்கு ஊசி போட்டு ஒரே நேரத்தில் பல முட்டைகளைப் பெறுவதுபோல் குதிரையிடம் பெற முடிவதில்லை. கருப்பை நோயுற்ற குதிரைக்கும் வயது முதிர்ந்த குதிரைக்கும் இந்த முறை பெரிதாக உதவாது. இறந்துபோன குதிரைக்கு அறவே உதவாது.

சினைப்பையிலிருந்து முட்டையையே நேராக எடுத்துவிட்டால் இந்தத் தடைகளில் பல விலகும். சினைப்பையில் எந்த நேரத்திலும் சிறு நுண்பைகள் பல இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு முட்டை காத்திருக்கும். ஆனால் எடுப்பது எளிதல்ல. குதிரை முட்டையைச் சூழ்ந்த செல்கள் நுண்பையின் சுவரை இறுகப் பற்றியிருப்பதால், திரவத்தைச் செலுத்தித் திரும்பத் திரும்பக் கழுவினால்தான் முட்டை பிரிந்து வரும். பிறகு ஊட்டத் திரவத்தில், உடல் வெப்பத்தில், 24 மணி முதல் 30 மணி நேரம் வைக்க வேண்டும். முற்றிய மாங்காய் வைக்கோலில் பழுக்கும், பிஞ்சு வெம்பிப் போகும். இங்கும் அப்படித்தான், உடலுக்குள் போதிய அளவு வளர்ந்த முட்டையே வெளியில் முதிரும். கொழுப்பு நிறைந்த முட்டை நுண்ணோக்கியில் கருத்துத் தெரிவதால் உள்ளே நடப்பதைப் பார்க்க முடியாது. தன் குரோமோசோம்களில் பாதியை ஒரு சிறு உருண்டையாக வெளியே தள்ளும்போதுதான் அது முதிர்ந்தது தெரியும். பத்து முட்டைகளில் ஆறு அந்த நிலையை எட்டினால் நல்ல விளைச்சல். கடைசியில் கருவாக நிற்பவை ஒன்றோ இரண்டோதான்.

இந்த எண்ணிக்கையைக் கேட்டுச் சோர்ந்துவிடக் கூடாது. தொடங்கிய இடத்தைப் பார்த்தால் வந்திருக்கும் தூரம் புரியும். 1990களின் தொடக்கத்தில் பிரான்சில் சோதனைக் குழாய் முறையில் குதிரைக் குட்டிகள் இரண்டே இரண்டுதான் பிறந்தன. அவற்றுக்கான முட்டைகளும் தாயின் உடலிலேயே முதிர்ந்தவை. அதன்பின் முப்பது ஆண்டுகள் அந்த முறை நகரவில்லை, குதிரையின் விந்தணுவுக்கு வெளிச்சூழலில் முட்டையைத் துளைக்கும் திறன் வரவில்லை. 1996இல் அமெரிக்காவின் கொலராடோவில், ஆய்வகத்தில் முதிர்ந்த முட்டைக்குள் ஒற்றை விந்தணுவை ஊசியால் செலுத்தும் ‘இக்சி’ முறையில் குட்டி பிறக்க வைத்தார்கள். 2022இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு, விந்தணுக்களை 22 மணி நேரம் தக்க திரவத்தில் வைத்திருந்தால் ஊசியே இல்லாமல் அவை முட்டையைக் கருவுறச் செய்யும் என்று காட்டியது. மூன்று குட்டிகளும் பிறந்தன.

இந்த அறிவு குதிரையோடு நின்றுவிடவில்லை. காண்டாமிருகம் குதிரைக்கு உயிரியல் வரிசையில் உறவு. உலகில் மிஞ்சிய இரண்டு வடக்கு வெள்ளைக் காண்டாமிருகங்களான நாஜின், ஃபாத்துவிடமிருந்து 2019 ஆகஸ்டில் கென்யாவில் 10 முட்டைகள் எடுக்கப்பட்டன. அவை இத்தாலியின் கிரெமோனாவுக்குப் பறந்தன. குதிரை முட்டைகளில் பல ஆண்டு தேர்ந்த அவாண்டியா ஆய்வகத்தில் ஏழு முட்டைகள் முதிர்ந்தன; முன்பே இறந்த ஆண்களின் உறைந்த விந்தைக் கொண்டு இரண்டு கருக்கள் உருவாயின. இரண்டே பெண் விலங்குகள் எஞ்சிய இனத்துக்கே இவ்வளவு செய்ய முடிந்திருக்கும்போது, ஆயிரம் மிஞ்சிய இனத்துக்கு நாம் கைகட்டி நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

குதிரையை இது வதைக்காதா என்று கேட்பவர்களின் கவலை நேர்மையானது. மயக்க மருந்து கொடுத்து, மலக்குடல் வழியே கைவிட்டுச் சினைப்பையைப் பிடித்து, யோனிச் சுவர் வழியே ஊசியைச் செலுத்துகிறார்கள். இரத்தக்கசிவும் தொற்றும் நேரலாம். தேர்ந்த கைகளில் அவை அரிது. நாஜினின் வயதையும் உடல்நிலையையும் கருதி, 2021இல் அதனிடம் முட்டை எடுப்பதையே அந்த விஞ்ஞானிகள் நிறுத்திவிட்டார்கள். எங்கே நிறுத்துவது என்ற விதியை நாமும் தொடக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். அதோடு, இறந்த குதிரையின் சினைப்பையிலிருந்து எடுக்கும் முட்டையிலிருந்தும் குட்டிகள் பிறந்திருக்கின்றன. அங்கே வலிக்கு இடமே இல்லை. என் பார்வையில் நாம் தொடங்க வேண்டியதும் அங்கேதான்.

அதைவிடக் கனமான ஆட்சேபம், இத்தகைய நுட்பங்கள் பணக்காரர்களின் பந்தயக் கருவியாகிவிடும் என்பது. 2016இல் அர்ஜென்டினாவின் பலேர்மோ போலோ போட்டியில் அடோல்ஃபோ கம்பியாசோ ஒரே பெட்டையின் ஆறு நகல்களில் ஏறி ஆடினார். அது குளோனிங், வேறு நுட்பம். ஆனாலும் பணம் எந்தத் திசையில் இழுக்கும் என்பதை அது காட்டிவிட்டது. பரிசு வென்ற நான்கைந்து பெட்டைகளிடம் நூறு குட்டிகளைப் பெற்றால் எண்ணிக்கை கூடும், இனமோ உள்ளுக்குள் சுருங்கும். எனவே அரசு ஆய்வகம் பல பெட்டைகளிடமிருந்து தலைக்குச் சில குட்டிகளை மட்டுமே பெற வேண்டும். ஒவ்வொரு குட்டியின் பெற்றோரும் மரபணுச் சோதனையால் உறுதியான பின்பே இனப் பதிவேட்டில் ஏற வேண்டும். இந்த உச்சவரம்பு இல்லாமல் திட்டம் வருமானால், நானே அதை எதிர்ப்பேன்.

மணிப்பூரில் குதிரைகள் மேய்ந்த ஈரநிலங்கள் சுருங்கிவருகின்றன. மேய்ச்சல் நிலத்தை மீட்காமல் குட்டிகளை உருவாக்கி என்ன பயன்? நிலம்தான் முதல் தேவை, மறுக்கவில்லை. ஆனால் நிலத்தை இருபது ஆண்டுகள் கழித்தும் மீட்கலாம், இறந்த பெட்டையின் முட்டையை மறுநாள்கூட மீட்க முடியாது. ஆய்வகத்தில் உருவான குதிரைக் கருக்கள் உறைநிலையை நன்றாகத் தாங்குகின்றன. நிலமும் மேய்ப்பர்களும் தயாராகும்வரை அவை காத்திருக்கும். முட்டைகளை அப்படி உறைய வைத்துக் காப்பது இன்னும் சரிவரக் கைகூடவில்லை. ஆகவே முட்டையை உடனே முதிர வைத்துக் கருவாக்கியாக வேண்டும்.

இதற்கு ஊருக்கு ஊர் ஆய்வகம் தேவையில்லை. எடுத்த முட்டைகளைத் தக்க திரவத்தில், அறை வெப்பநிலையில், ஓர் இரவு பத்திரமாக வைத்திருக்க முடியும். மேலை நாடுகளில் கால்நடை மருத்துவர்கள் அப்படித்தான் தொலைவிலுள்ள ஆய்வகங்களுக்கு அனுப்புகிறார்கள். இம்பாலிலும் லடாக்கிலும் சில கால்நடை மருத்துவர்களுக்குப் பயிற்சி, அவர்களிடம் அந்தத் திரவமும் வெப்பம் காக்கும் பெட்டியும், மறுநாள் காலைக்குள் ஹிசாருக்கோ பிகானேருக்கோ கொண்டுசேர்க்கும் விமான ஏற்பாடு, குதிரை இறந்த சில மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல உரிமையாளர்களுக்கு ஒரு தொலைபேசி எண் ஆகியவற்றுக்கான ஒதுக்கீட்டை மத்திய கால்நடைத் துறை வரும் நிதியாண்டிலேயே செய்ய வேண்டும்.