கெடு குடிகளுக்கு மட்டுந்தானா?

வரி கேட்பது சர்க்காரின் உரிமை. கேட்ட வரி நியாயமானதா என்று வழக்காடுவது குடிகளின் உரிமை. முன்னதற்குக் காலத்தை நீட்டிக்கொண்டே போய், பின்னதன் வாயிலை மட்டும் நாள் எண்ணி அடைப்பது முறையாகுமா என்பதே நாம் இன்று எழுப்பும் கேள்வி.

2017-ஆம் வருஷத்துச் சரக்கு சேவை வரிச் சட்டத்தின் 107-ஆவது பிரிவின்படி, அதிகாரியின் உத்தரவால் பாதிக்கப்பட்ட வியாபாரி மூன்று மாதத்திற்குள் அப்பீல் செய்துகொள்ள வேண்டும். தக்க காரணம் காட்டினால் அப்பீல் அதிகாரி இன்னும் ஒரு மாதம் பொறுக்கலாம். அதற்குமேல் பொறுக்க அவருக்கு அதிகாரமில்லை என்றே இலாகா வாதிக்கிறது. தகராறிலுள்ள வரியில் பத்தில் ஒரு பங்கை முன்னதாகவே கட்டவும் வேண்டும். அதே உத்தரவின்மேல் இலாகா அப்பீல் செய்ய விரும்பினாலோ, அதற்கு ஆறு மாதம்! ஆள்பலமும் சட்ட ஆலோசனையும் நிறைந்த கட்சிக்கு இரட்டிப்புக் காலம். கடையைப் பூட்டிவிட்டு வக்கீலைத் தேடவேண்டிய கட்சிக்கு அதில் பாதி.

இது நடைமுறையில் எப்படி முடிகிறதென்பதற்குத் திருத்தணி மலையடிவாரத்துக் கடைக்காரர் ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1960-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி இவ்வூர் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு அதனால் நகர்ந்ததேயன்றி, அப்பாலுள்ள நகரியோடு கொண்ட வியாபாரம் அற்றுவிடவில்லை. உள்ளூரில் விற்ற சரக்குக்கு ஒருவகை வரி, எல்லை தாண்டிய சரக்குக்கு வேறுவகை வரி என்று கணக்கெழுத வேண்டியிருப்பதால், பிழை நேர்வது எளிது. அதிகாரி உத்தரவு போடுகிறார். அது பொது இணையதளத்தில் ஏற்றப்படுகிறது. தபால் முதலிய வழிகளோடு இதனையும் உத்தரவைச் சேர்ப்பிக்கும் ஒரு வழியாக 169-ஆவது பிரிவு ஒப்புகிறது. ஆனால் இணையதளத்தைப் பார்ப்பவர் கடைக்காரரல்லர். மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்யும் ஆலோசகர். அவரும் தாக்கல் செய்யும் பக்கத்தைப் பார்ப்பாரேயன்றி, உத்தரவுகள் கிடக்கும் பக்கத்தைத் தேடிப் பார்ப்பதில்லை.

78-ஆவது பிரிவின்படி மூன்று மாதம் கழிந்தபின் வசூல் நடவடிக்கை தொடங்கலாம். பாங்கியில் கணக்கு முடக்கப்பட்டதென்று தெரியவரும் நாளில்தான் கடைக்காரருக்குத் தம்மீது ஓர் உத்தரவு பிறந்ததே தெரிகிறது. அப்பீலுக்குரிய மூன்று மாதமும் அதற்குள் தீர்ந்துவிட்டது. மிஞ்சியது, அதிகாரியின் தயவில் நிற்கும் ஒரு மாதம்; பல சமயங்களில் அதுவுமில்லை.

ஹைக்கோர்ட்டு இருக்கிறதே என்பார்கள். காக்கிநாடா வரி அதிகாரிக்கும் ஒரு பெரிய கம்பெனிக்கும் நடந்த வழக்கில், சட்டம் விதித்த கெடு முற்றிலும் தீர்ந்தபின் ரிட் மனுவின் மூலம் அதனைக் கடக்க இடங்கொடுக்கலாகாதென்று சுப்ரீம் கோர்ட்டு 2020 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. வக்கீல்களுக்குக் குறைவில்லாத கம்பெனிக்கு அந்தத் தீர்ப்பு தகும். அதே அளவுகோலைச் சிறு வியாபாரியின்மீது வைப்பதுதான் தகாது. சென்னை ஹைக்கோர்ட்டு பல வழக்குகளில் ஒரு பகுதி வரியைக் கட்டச் சொல்லி, மறுவிசாரணைக்கு வழி செய்திருக்கிறது. ஆயினும் எண்பது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சென்னைக்குச் சென்று, செலவு செய்து பெறவேண்டிய கருணையை உரிமையென்று சொல்ல முடியுமா?

கெடுவே வேண்டாமென்பது நம் கட்சியன்று. வரவு இன்னதென்று நிச்சயமில்லாமல் எந்தச் சர்க்காரும் நடவாது. வழக்குகளுக்கு ஒரு முடிவும் வேண்டும். ஆனால் அந்த நிச்சயம் இருதரப்பாருக்கும் பொதுவாக வேண்டாமா? 2017-18-ஆம் வருஷக் கணக்கின்மேல் உத்தரவிட வேண்டிய காலத்தைச் சர்க்கார் அறிவிப்புகளின் மூலம் நீட்டி, 2023 டிசம்பர் 31-ந்தேதி வரை கொண்டுபோயிற்று. 2017-ஆம் வருஷத்துச் சட்டம் வாக்களித்த அப்பீல் டிரிபியூனல் 2025 செப்டம்பரில்தான் தொடங்கப்பெற்றது. எட்டு வருஷ தாமதத்திற்கு யாரும் காரணங் காட்டி மனுப் போடவில்லை.

இது பழைய வாசனை. 1864-ஆம் வருஷத்துச் சென்னை வருவாய் வசூல் சட்டம், வசூல் நடவடிக்கையால் குறையுற்றவன் ஆறு மாதத்திற்குள் கோர்ட்டுக்கு வரவேண்டுமென்றது. 1908-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டமோ சர்க்கார் தாவாவுக்கு அறுபது வருஷம் தந்தது. 1963-ஆம் வருஷத்துச் சட்டம் அதை முப்பதாகக் குறைத்தது. அன்னியர் போனார்கள், அவர்கள் வைத்துப்போன மனோபாவம் போகவில்லை.

பரிகாரம் அரிதன்று. 2023 நவம்பரில் சர்க்காரே ஓர் அறிவிப்பினால், அவ்வருஷம் மார்ச் 31 வரை பிறந்த உத்தரவுகளின்மேல் கெடு தவறியோர் 2024 ஜனவரி 31 வரை அப்பீல் செய்ய இடங்கொடுத்தது. கெடுவின் கடுமையை இதைவிடத் தெளிவாக ஒப்புக்கொள்ள முடியாது. ஒருமுறை அளித்த சலுகையை நிரந்தர விதியாக்க வேண்டும். உத்தரவு பதிவுத் தபாலில் கைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே கெடு எண்ணப்படட்டும். இலாகாவுக்குள்ள ஆறு மாதம் வியாபாரிக்கும் கிடைக்கட்டும். நியாயமான காரணமிருந்தால் தாமதத்தைப் பொறுக்க அப்பீல் அதிகாரிக்கு முழு அதிகாரம் வரட்டும். இம்மூன்றினாலும் பொக்கிஷத்திற்கு ஒரு காசும் நஷ்டமில்லை. நியாயமான வரி விசாரணைக்குப் பின்னும் நிற்கும். விசாரணைக்கு அஞ்சும் வரியைக் குடிகள் ஏன் கட்டவேண்டும்?