இரவு 2 மணிக்கு வாருங்கள்

அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஓர் அரசு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். பெண்கள் வார்டில் பதினொரு நாள் நான்தான் துணைக்கு இருந்தேன். ஒன்பதாம் நாள் காலையில் கண் விழித்தால், பினாயில் நெடி மூக்கைத் துளைக்கிறது. எல்லாக் கட்டிலுக்கும் சலவை விரிப்பு. எங்கள் பாய், தூக்குச்சட்டி, பிளாஸ்க் எல்லாவற்றையும் மாடிப்படிக்கு அடியில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார்கள். "இன்னிக்கு இன்ஸ்பெக்‌ஷன் கண்ணு, கொஞ்சம் ஒத்துழைங்க" என்றார் ஆயாம்மா.

குழுவினர் கையில் பட்டியலோடு வந்தார்கள். சுவரைப் பார்த்தார்கள், ஜன்னலைப் பார்த்தார்கள். கழிவுத் தொட்டிகள் 2016 மருத்துவக் கழிவு விதிகள் சொல்கிற மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலத்தில் இருக்கின்றனவா என்று பார்த்தார்கள். கைகழுவும் இடத்தில் புதிதாக முளைத்திருந்த சோப்புக் குப்பியைக் குறித்துக்கொண்டார்கள். இருபது நிமிடத்தில் கிளம்பிவிட்டார்கள். மறுநாள் குப்பியைக் காணோம்.

அவர்கள் கண்ணில் படாத ஒன்று உண்டு. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு சணல் கயிறுதான். உள்ளே போகிறவர் அதைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டே உட்கார வேண்டும். நாள் முழுக்க எத்தனையோ கைகள் பட்டு அது கறுத்து, ஈரம் காயாமலே கிடந்தது. குழாயில் தண்ணீர் இல்லாத நேரங்களில் அந்தக் கையோடுதான் வெளியே வர வேண்டும். வந்ததும் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்ட வேண்டும்.

ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரசு மருத்துவமனைகளின் சுத்தத்துக்காக 2015ல் மத்திய அரசு தொடங்கிய காயகல்ப் திட்டம் நல்ல திட்டம். ஒவ்வொரு அம்சத்துக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். முதலில் மருத்துவமனை தன்னைத்தானே மதிப்பிடும், அடுத்து இன்னொரு மருத்துவமனைக்காரர்கள், கடைசியில் வெளிக்குழு. 70 விழுக்காடு எடுத்தால்தான் விருதுக்குத் தகுதி. சுத்தத்துக்கும் மதிப்பெண் உண்டு என்று ஆனதே பெரிய மாற்றம். ஆனால் நாள் குறித்துவிட்டு வருகிற ஆய்வு அந்த ஒரு நாளின் சுத்தத்தைத்தான் அளக்கும். நோயாளியோ மற்ற நாட்களிலும் அங்கேதான் படுத்திருக்கிறார்.

பார்வைக்குப் பளிச்சென்று இருப்பதும் கிருமி இல்லாமல் இருப்பதும் வேறு வேறு. கட்டில் கம்பியிலும் குழாய்த் திருகிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பசையைத் தொட்டு வைத்து, மறுநாள் புற ஊதா விளக்கடித்துப் பார்க்கும் முறை இருக்கிறது. துடைத்திருந்தால் பசை போயிருக்கும், இல்லையென்றால் ஒளிரும். செலவு அதிகம் பிடிக்காத சோதனை.

அதைவிடச் சுலபமான வழி, துடைப்பவரைக் கேட்பது. ஆயாம்மா முதல் கட்டிலில் தொடங்கி கடைசிக் கட்டில் வரை ஒரே வாளித் தண்ணீரில் மாப் போடுவார். பாதி வார்டு தாண்டுவதற்குள் தண்ணீர் கறுத்துவிடும். மூன்று வாளி வேண்டும் என்பது முறை: சோப்புக் கரைசலுக்கு ஒன்று, மாப்பை அலச ஒன்று, கிருமிநாசினிக்கு ஒன்று. அவரிடம் சொன்னேன். "எனக்குத் தெரியாதா கண்ணு? டிரெய்னிங்ல சொல்லித்தான் குடுத்தாங்க. இருக்கிறது ஒரு வாளி. ஏழு மணிக்கு மேல குழாய்ல தண்ணி நின்னுடும். நான் என்ன பண்ணுவேன்?" என்றார். பட்டியலோடு வந்தவர்களில் ஒருவர்கூட அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் சுவரோரம் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார்.

இங்கிலாந்தில் 2013 முதல் மருத்துவமனைச் சூழலை மதிப்பிடும் குழுக்களில் பாதிப் பேராவது நோயாளிகள் தரப்பிலிருந்து வர வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நம் குழுக்களிலும் வார்டில் துணைக்கு இருக்கும் ஒருவரையும், துப்புரவுப் பணியாளர் ஒருவரையும் சேர்க்கலாம். அவர்களுக்குத் தெரியாத மூலை அங்கே கிடையாது.

ஆய்வுக்கு வரும் அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். சொல்லாமல் வாருங்கள். இரவு 2 மணிக்கு வாருங்கள். நேராகக் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்து பாருங்கள், கதவைத் தாழிட்டுப் பாருங்கள். பிறகு தரை துடைக்கும் அம்மாவைக் கூப்பிட்டு, எத்தனை வாளி இருக்கிறது என்று கேளுங்கள்.