பூனைக்கு முன்னாடி ஒரு டப்பா வாங்குங்க

பெரிய காஞ்சிபுரத்துல தறி வச்சிருக்கீங்க, எலித் தொல்லைக்குப் பூனை வளர்க்கப் போறீங்களா? தாராளமா வளருங்க. ஆனா முதல்ல வாங்க வேண்டியது கழுத்து மணி இல்லை, இறுக்கி மூடுற டப்பா. பட்டு நூல், ஜரிகைத் துணுக்கு எல்லாம் அதுக்குள்ள போகணும்.

பூனை நாக்குல இருக்கிற முள் எல்லாம் தொண்டைப் பக்கம் சாய்ஞ்சிருக்கும். வாய்க்குள்ள போன நூலைத் துப்புறது கஷ்டம், முழுங்கிடும். குடல்ல சிக்கினா குடலே கிழியலாம். நூல் வெளியே தொங்கினா இழுக்காதீங்க. கால்நடை டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுங்க.

மண் போட ஒரு தட்டு, தண்ணிக் கிண்ணம். பால் வேண்டாம், நிறைய பூனைக்கு வயித்தால போகும்.

மூணு மாசத்துல ரேபிஸ் ஊசி. அது நாய்க்கு மட்டும்தான்னு இன்னும் நம்புறாங்களே! பூனை கடிச்சாலோ கீறி ரத்தம் வந்தாலோ சோப்பு போட்டு, ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவுங்க. அன்னிக்கே அரசு மருத்துவமனைக்கு வாங்க, ஊசி இலவசம். மஞ்சள் வைக்காதீங்க.