நித்திரை கேட்டால் தண்டனையா?

ஆகஸ்டு 29-இல் கொடியேறி செப்டம்பர் 8 வரை நடைபெறும் வேளாங்கண்ணிப் பெருவிழாவுக்கு இரவு ரயில்களில் கண்ணயர்ந்து வரும் பிரயாணிகளின் உயிர், எஞ்சினில் விழித்திருக்கும் ஓட்டுநரை நம்பியே இருக்கிறது. அந்த ஓட்டுநருக்குப் போதிய நித்திரை வேண்டும் என்று 2024 ஜூனில் தென்னக ரயில்வேயின் லோகோ பைலட்டுகள் போராடியபோது, அவர்கள்மீது ஒழுங்கு நடவடிக்கையை ஏவிய மேலிடத்தாரின் முடிவு அநியாயமானது.

அவர்கள் சலுகை எதையும் கேட்கவில்லை. தொடர்ந்து நான்கு இரவுகள் வரை வண்டியோட்ட வைக்கும் வழக்கம் இரண்டு இரவுகளோடு நிற்கவேண்டும். பணிமுடிந்து பெறும் 16 மணி நேர ஓய்வோடு வார ஓய்வான 30 மணி நேரமும் தனியே சேரவேண்டும் என்றார்கள். இன்று விடியலில், நாளை நள்ளிரவில் என்று பணிக்கு அழைக்கும் வேளை மாறிக்கொண்டேயிருக்க, பகல் வெளிச்சத்தில் ரன்னிங் ரூம் எனும் ஓட்டுநர் ஓய்வறையிலோ வீட்டிலோ கண்மூட முயலும் மனிதனின் தேகம் ஆழ்ந்துறங்க மறுக்கிறது; அவ்வாறு குறைந்த உறக்கம் கடனைப்போல் ஏறிக்கொண்டே போய், மூன்றாம் இரவிலும் நான்காம் இரவிலும், பின்னிரவு மூன்று மணிக்குமேல், கண் திறந்திருக்கும்போதே பிரக்ஞையைச் சில விநாடிகள் பறித்துக்கொள்கிறது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ரயில் ஒவ்வொரு விநாடியும் 30 மீட்டரைக் கடந்துவிடும். இதனை அறியாதவர்களா அதிகாரிகள்?

அறிந்தும் அசட்டை செய்வது இவர்களுக்குப் புதிதன்று. ரயில் ஓட்டுநர்களின் 1973 ஆகஸ்டு வேலைநிறுத்தத்தின் முடிவில் வாக்களிக்கப்பட்ட பத்து மணி நேரப் பணி, அரை நூற்றாண்டு கழிந்தும் கோரிக்கையாகவே நிற்கிறது. 2024 ஜூன் 17-இல் கஞ்சன்ஜங்கா விரைவு வண்டியின்மீது சரக்கு ரயில் மோதியபோது, விசாரணை தொடங்குமுன்பே, இறந்துபோன சரக்கு ரயில் ஓட்டுநர்மீது பழியைச் சுமத்தினார்கள். பழுதுபட்ட சிக்னலையும், முறையற்ற அனுமதிச் சீட்டையும், பயிற்சிக் குறைவையும் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை பின்னர் வெளிப்படுத்தியது. 2025 ஏப்ரலிலோ, உணவுக்கும் இயற்கை உபாதைக்கும் இடைவேளை வரையறுப்பதுகூடச் சாத்தியமில்லை என்று கைவிரித்தார்கள். பசியையும் உபாதையையும் நித்திரையையும் சுற்றறிக்கையால் அடக்கிவிடலாம் என்பது எத்தகைய நிர்வாக தர்மம்?

மேலிடத்தார் பிடிவாதத்தை விடுத்து, மனித தேகத்தின் இயல்புக்கு இசையப் பணிமுறையைத் திருத்தவேண்டும். உறக்கமிழந்தவன் கையில் ஆயிரம் உயிர்களை ஒப்படைத்து, விபத்து நேர்ந்ததும் அவனையே குற்றவாளியாக்கும் நிர்வாகத்துக்குப் பிரயாணிகளின் பாதுகாப்பைப் பற்றிப் பேச யாதொரு அருகதையும் இல்லை.