பழைய காருக்குப் பழைய சென்சார் எதற்கு?

2010 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 புகை விதி சென்னைக்கு வந்த காலத்துப் பெட்ரோல் கார்கள் இன்னும் தாம்பரம் ஜி.எஸ்.டி. சாலையில் ஓடுகின்றன. அவற்றின் ஆக்சிஜன் சென்சார் போனால் இரண்டு மலிவு யோசனைகள் வரும்: புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் பழையதை வாங்குவது, எதற்கும் பொருந்துமென விற்பதை ஒயர் வெட்டி இணைப்பது. இரண்டுமே வீண்செலவு. கதவும் பம்பரும் புதுப்பேட்டையில் வாங்கலாம், தப்பில்லை. சென்சாரோ சூட்டுப் புகையில் தேயும் பொருள், அடுத்தவர் தேய்த்ததை வாங்கி என்ன பயன்? பல சென்சார்கள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றை ஒயர் வழியாகவே பெறுகின்றன. வெட்டிய ஒயரைச் சால்டர் வைத்து அடைத்தால் அளவு பிசகும். பழைய பாகத்தின் எண்ணைப் பார்த்து, பாஷ், டென்சோ, என்டிகே போல கார் நிறுவனங்களுக்கே செய்து தருபவர்களின் சரக்கை, அதே கனெக்டரோடு வாங்குவதே சரி.

விற்கப்போகும் வண்டிக்கு இவ்வளவு செலவா என்று கேட்கலாம். பிழையான அளவால் பெட்ரோல் கூடுதலாகப் பாய்ந்தால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வெந்து கெடும். அதன் விலை சென்சாரைவிடப் பல மடங்கு. ஆனால் செக் எஞ்சின் விளக்கு எரிந்தாலே சென்சார் போச்சு என்று முடிவுகட்டவும் கூடாது. சைலன்சர் குழாய் ஓட்டையும், முடிச்சூர்ப் பக்கத்து மழைவெள்ளத்தில் நனைந்த கனெக்டரும் அதே விளக்கை எரியவைக்கும். முதலில் ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள சாதாரண சென்சார் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை ஊசலாடுகிறதா என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.