கோதுமை இல்லாத சோவியத்

சோவியத் வீழ்ச்சி பற்றி நீண்ட கட்டுரை ஒன்றைச் சக இதழ் வெளியிட்டிருக்கிறது. அந்நியமாதல் வருகிறது, அமைப்பியல் வருகிறது, அதிகார வர்க்கம் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. கோதுமை மட்டும் ஓரிடத்திலும் வரவில்லை.

1928 ஜனவரியில் ஸ்டாலின் சைபீரியாவுக்குப் போனது தத்துவம் பேச அல்ல. குடியானவர் கொடுக்க மறுத்த தானியத்தை வசூலிக்க. கூட்டுப்பண்ணையும் 1932-33 பஞ்சமும் அந்த வசூலின் தொடர்ச்சிதான். பண்ணை வயலில் கதிர் பொறுக்கியவரையும் சிறைக்கு அனுப்பியது 1932 ஆகஸ்ட் சட்டம். உலகெங்கும் அலைந்து விதை சேகரித்த தாவரவியலாளர் வவிலோவ் 1943இல் சராத்தவ் சிறையில் பட்டினியால் செத்தார். தரிசு நிலங்களை உழவைத்துப் பேர் வாங்கிய குருசேவ் 1963இல் விளைச்சல் பொய்த்துக் கனடாவிடம் கோதுமை வாங்கினார். அடுத்த ஆண்டு அக்டோபரில் பதவி போயிற்று. கியூபாவுக்குப் பக்கம் பக்கமாக ஒதுக்கிய கட்டுரையாளர் இதற்கு ஒரு வரி தந்திருக்கலாம்.

ஷோலகவின் கூட்டுப்பண்ணை நாவலை மலிவு விலையில் வாங்கி விடிய விடியப் படித்த தலைமுறை எங்களுடையது. பண்ணைக்குக் கொடுக்க மனமில்லாமல் மாடுகளை இரவோடிரவாக அறுத்துத் தின்கிறார்கள் அதில். தின்று வயிறு கெட்டுக் கிடக்கும் கிழவர் ஷூக்காரை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. பஞ்சத்தை ஷோலகவ் எழுதவில்லை என்ற குற்றச்சாட்டு நியாயம்தான். ஆனால் தானியத்தை மறக்கவில்லை.

இதைச் சொல்ல, பர்மாவில் வட்டிக்கடை நடத்திய செட்டியார்களின் ஊரான காரைக்குடியிலிருந்து எழுதும் எங்களுக்குத் தனி உரிமை உண்டு. கீழ்பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 6 சதவீதம். நெல் விலை வீழ்ந்து கடன் திரும்பாமல் 1938இல் அது 25 சதவீதமானது. விரும்பி வாங்கிய நிலமல்ல என்று வாதாடினார்கள். நிலம் இழந்த பர்மியனுக்கு அந்த வாதம் எதற்கு? 1948இல் நில அரசுடைமைச் சட்டம் வந்தது. 1962க்குப் பின் அங்கே நெ வின்னின் ராணுவ அரசு நெல்லைத் தானே மலிவு விலைக்குக் கொள்முதல் செய்தது. போருக்கு முன் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன் அரிசி ஏற்றுமதி செய்த நாட்டில், 1967இல் அரிசி கேட்டுத் திரண்டவர்களை அக்யாபில் ராணுவம் சுட்டது. லேவாதேவிக்காரர் போய்க் கொள்முதல் அதிகாரி வந்தார். உழுதவனுக்கு விலை வரவில்லை. அதே 1967இல் இங்கே ‘ரூபாய்க்கு மூன்று படி’ என்ற வாக்குறுதி, இந்தி எதிர்ப்போடு சேர்ந்து, காங்கிரஸைக் கோட்டையிலிருந்து இறக்கியது.

பர்மாக் கடைகளின் பேரேடுகள் நம் வீடுகளில் கறையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன. நெல் விலையும் வட்டியும் அடமானமும் அவற்றில் இருக்கின்றன. பழைய பேப்பருக்குப் போட்டுவிடாமல் எங்களுக்கு எழுதுங்கள், பக்கம் ஒதுக்குகிறோம்.