கிழக்குக்கு ஒரு செயலாளர், மேற்குக்கு ஒரு செயலாளர்

தேர்தலில் தோற்ற கட்சிக்கு நம் ஊரில் இரண்டே வைத்தியம்தான். "மா.செ.வை (மாவட்டச் செயலாளரை) மாத்தணும்" என்பது ஒன்று. "மாவட்டத்தைப் பிரிக்கணும்" என்பது இன்னொன்று. டீக்கடை பெஞ்சிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் இதைச் சொல்லாத ஆள் இல்லை. ஜெயித்த கட்சிகளும் இதையே செய்வதால், இதுதான் அமைப்புச் சீர்திருத்தம் என்ற நம்பிக்கை ஊறிப்போய்விட்டது. அந்த நம்பிக்கை பொய் என்பதைப் பார்க்க ஓசூர் வரை வந்தால் போதும்.

2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி, அரசின் கணக்கில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் கொண்ட ஒற்றை மாவட்டம். தி.மு.க.வுக்கும் அ.தி.மு.க.வுக்கும் கிழக்கு, மேற்கு என்று இரண்டு. த.வெ.க. இன்னும் தாராளம்: மாநிலத்தையே 120 அமைப்பு மாவட்டங்களாக வகுத்தது, அதாவது ஏறக்குறைய இரண்டு தொகுதிக்கு ஒரு செயலாளர். பிரிப்பதற்குச் சொல்லும் காரணம் நியாயமானதுதான். ஊத்தங்கரைத் தொண்டர் ஒரு மனு கொடுக்க ஓசூர் வரை வர வேண்டியதில்லை. ஆனால் மனுவைப் பக்கத்தில் வாங்கிக்கொள்ள ஆள் வந்திருக்கிறாரே தவிர, முடிவெடுக்கும் இடம் சென்னையிலிருந்து ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

கட்சியில் அதிகாரம் யாரிடம் என்று தெரிய வேண்டுமானால் வேட்பாளரை யார் முடிவு செய்கிறார்கள் என்று பார்த்தால் போதும். 2019 ஜனவரியில், 1998-ஆம் ஆண்டு பேருந்துக் கல்வீச்சு வழக்கில் மூன்றாண்டுச் சிறைத் தண்டனை பெற்று அமைச்சர் பாலகிருஷ்ணா ரெட்டி பதவி இழந்தார். அவர் இழந்த ஓசூர் தொகுதியின் இடைத்தேர்தலில் அ.தி.மு.க. நிறுத்தியது அவர் மனைவி ஜோதியை. தி.மு.க.வின் சத்யா ஜெயித்தார். 2024 மக்களவைத் தேர்தலில் கிருஷ்ணகிரியின் அப்போதைய காங்கிரஸ் எம்.பி. செல்லகுமாருக்குப் பதில் முன்னாள் ஓசூர் எம்.எல்.ஏ. கோபிநாத் நின்றார், அந்தப் பெயர் வந்தது டெல்லியிலிருந்து. ஆட்கள் தகுதியானவர்களா என்பது இங்கே பேச்சே இல்லை. கோபிநாத் ஜெயிக்கவும் செய்தார், தெலுங்கில் உறுதிமொழி எடுத்து எல்லைப்புற ஊரின் பேச்சை நாடாளுமன்றத்துக்குக் கொண்டும் போனார். கேட்க வேண்டியது வேறு: இந்தப் பெயர்களுக்காக எந்தக் கிளை கூடி வாக்களித்தது? தொண்டருக்குக் கிடைப்பது விருப்ப மனு. 2021-இல் பொதுத் தொகுதிக்குத் தி.மு.க. 25,000 ரூபாயும் அ.தி.மு.க. 15,000 ரூபாயும் அதற்கு வாங்கின. பிறகு அறிவாலயத்திலோ தலைமைக் கழகத்திலோ ஒரு நேர்காணல். அத்தோடு சரி.

அப்படியானால் மா.செ. எதற்கு? அ.தி.மு.க.வின் திருத்தப்பட்ட விதியைப் பாருங்கள். பொதுச் செயலாளர் பதவிக்கு நிற்கிறவரை மாவட்டச் செயலாளர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும், பத்துப் பேர் வழிமொழிய வேண்டும். 2023 மார்ச்சில் எடப்பாடி பழனிசாமி போட்டியின்றித் தேர்வானார். அதற்கு முந்தைய அக்டோபரில் தி.மு.க. பொதுக்குழுவில் ஸ்டாலினும் போட்டியின்றித்தான். தலைமை செயலாளரை ஆக்குகிறது, செயலாளர் தலைமையை ஆக்குகிறார். இந்த வட்டத்துக்குள் இருபது மாவட்டத்தைக் கூடுதலாகச் சேர்த்தால் வட்டம் பெரிதாகுமே தவிர உடையாது. தேர்தல் ஆணையம் தலையிடட்டும் என்று சிலர் சொல்வார்கள். உட்கட்சித் தேர்தல் நடந்ததாக ஒரு தாள் கொடுத்தால் ஆணையத்துக்குப் போதும். அதற்கு மேல் பதிவை ரத்து செய்யும் அதிகாரம் பொதுவாக அதற்கு இல்லை என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஓசூரில் இது இன்னும் கேலிக்கூத்தாகத் தெரிகிறது. காலை ஐந்தரைக்கு பாகலூர் சாலையிலும் ராயக்கோட்டை சாலையிலும் நின்று பாருங்கள். ஏ ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்கள், விடுதிகளிலிருந்து அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரும் பெண்கள், அத்திப்பள்ளி தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வண்டி ஓட்டுகிறவர்கள். இவர்களில் எத்தனை பேர் எந்தக் கிளைக் கழகத்தில் இருக்க முடியும்? கட்சியின் கிளை வீட்டு முகவரியை வைத்துக் கட்டப்பட்டது. ஊரின் வாழ்க்கையோ ஷிப்டை வைத்து ஓடுகிறது. மாலை ஆறு மணிக் கூட்டத்துக்கு பி ஷிப்டுக்காரன் வரமாட்டான். சிவகங்கையில் ஓட்டு வைத்திருப்பவன் ஓசூரில் உறுப்பினர் படிவம் நிரப்பமாட்டான்.

இத்தனைக்கும் இந்த ஊர்த் தொழிலாளிக்கு வாக்குப்பெட்டி புதிதில்லை. இங்குள்ள பழைய ஆலைகள் சிலவற்றில் சங்கத் தலைவரை ரகசிய வாக்கெடுப்பில்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். சின்னம் வைத்து ஓட்டுக் கேட்பார்கள், கேட்டில் நோட்டீஸ் கொடுப்பார்கள், ஊதிய ஒப்பந்தம் சரியில்லை என்றால் அடுத்த முறை ஆளை இறக்கிவிடுவார்கள். அதே தொழிலாளி கட்சிக் கரை வேட்டி கட்டியதும் ஃப்ளெக்ஸில் தன் முகம் எந்த அளவில் வருகிறது என்று பார்க்கிறவனாகிவிடுகிறான். ஆள் மாறவில்லை. ஆலையில் அவன் ஓட்டுக்கு விலை உண்டு, கட்சியில் இல்லை.

உள்ளே போட்டி வைத்தால் கோஷ்டி வரும், கட்சி உடையும் என்பார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1940-இல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் தேர்தலில் காமராஜர் மூன்றே வாக்கில் ஜெயித்தார். தோற்றது ராஜாஜியின் அணி. ஓசூர்ப் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்தவர் ராஜாஜி என்பதால் இதை இங்கே சொல்வதில் எனக்கொரு சந்தோஷம். 1954-இல் சட்டமன்றக் கட்சித் தலைமைக்கு சி.சுப்பிரமணியத்தைத் தோற்கடித்த காமராஜர், அவரையே அமைச்சராக்கினார். கோஷ்டி இருந்தது, சண்டை இருந்தது, எண்ணிப் பார்த்துத் தீர்த்துக்கொண்டார்கள். அதே காமராஜர் 1963-இல் வேறொரு வழி எடுத்தார். முதல்வர் பதவியையே விட்டுக் கட்சி வேலைக்குப் போனார். ஆளை இடம் மாற்றும் வைத்தியத்தில் அதற்கு மேல் ஒன்று கிடையாது. 1967-இல் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. விருதுநகரில் அவரும் தோற்றார். அரிசித் தட்டுப்பாட்டையும் இந்தி எதிர்ப்பையும் நாற்காலி மாற்றித் தீர்க்க முடியுமா?

என் வாதத்தை நோக்கி வீசக்கூடிய கல் ஒன்று இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. ராகுல் காந்தி இளைஞர் காங்கிரசில் தேர்தல் கொண்டுவந்தார். முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோவையே மேற்பார்வைக்கு வைத்தார். தமிழ்நாட்டில் என்ன ஆயிற்று? கோஷ்டித் தலைவர்கள் மொத்தமாக உறுப்பினர் சேர்த்தார்கள் என்ற புகார் கிளம்பியது. தேர்வான மாநிலத் தலைவர் யுவராஜா 2014-இல் காங்கிரசை விட்டு விலகிய ஜி.கே. வாசனோடு த.மா.கா.வுக்குப் போனார். தேர்தலே வீண் என்பதற்கு இதைக் காட்டுவார்கள். தேர்தலில் ஜெயித்தவர் கையில் ஒரு சீட்டையாவது முடிவு செய்யும் உரிமை இருந்ததா? அதிகாரம் இல்லாத பதவிக்கு நடக்கும் தேர்தலில் உறுப்பினர் அட்டை விலைக்குப் போகாமல் வேறென்ன செய்யும்?

உரிமையோடு கூடிய உட்கட்சித் தேர்தலை இங்கேயே தொடங்கலாம். ஓசூர் மாநகராட்சியில் 45 வார்டுகள். 2022 பிப்ரவரியில் தேர்வான மாமன்றத்தின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது. அடுத்த மாமன்றத் தேர்தலுக்கு, மூன்று வருடமாக அட்டை வைத்திருக்கும் அந்தந்த வார்டின் கட்சி உறுப்பினர்கள், விடுதியில் தங்கியவரோ ஷிப்டில் ஓடுகிறவரோ, காலை எட்டு முதல் இரவு பத்து வரை வந்து ஓட்டுப் போட்டுத் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கட்டும். எண்ணிக்கையை அன்றிரவே வார்டில் ஒட்டட்டும். தோற்றவர் போட்டி வேட்பாளராக நின்று ஒரு வார்டு கைநழுவினால் அந்தக் கணக்கை நான் ஒப்புக்கொள்கிறேன். இப்போதும் சென்னைப் பட்டியல் வந்ததும் சீட்டுக் கிடைக்காதவர்கள் சுயேச்சையாக நிற்கத்தான் செய்கிறார்கள்.